தேரை மறைத்த படம்

போன கிழமை மன்சூர் ஊரிலிருந்து என் கைத்தொலைபேசிக்கு இந்த வருடத்து அம்மன் கோயில் தேரைப் படமாக அனுப்பியிருந்தான். மன்சூர் கிண்ணியாக்காரன். திருகோணமலைத் துறைமுகத்தடியில் வீடியோக் கடை வைத்திருந்தவன். இப்போது கடை இல்லை, இணையத்தில் ஊர்ப் படம் போடுகிறான். நான் தேத்தண்ணி ஊற்றி, கதிரையை யன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, விரலால் ஒரு தட்டுத் தட்டினேன். கறுப்பாக ஒரு சதுரம் வந்தது. அதில் வெள்ளை எழுத்து. நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவள்தான், ஆனால் எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. கூட்டி முடித்தபோது அது இப்படிச் சொன்னது: இந்தக் காணொளி உங்கள் நாட்டில் கிடைக்காது.

வேலையால் வந்த மகன் குகன் அதை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். தேர் வீதியில் தண்ணீர்ப் பந்தல் வைத்தவர்கள் ஒலிபெருக்கியில் ஏதோ சினிமாப் பாட்டுப் போட்டிருக்கிறார்களாம். அந்தப் பாட்டுக்கு எங்கேயோ ஒரு முதலாளி இருக்கிறானாம். அவன் பாட்டை நோர்வேக்கு விற்கவில்லையாம்.

"அப்ப அம்மன் நோர்வேக்கு வரேலாதோ?" என்று கேட்டேன்.

"அம்மன் வரலாம் அம்மா. பாட்டுத்தான் வரேலாது."

"எண்டால் பாட்டை இறக்கி விட்டிட்டு அம்மனை மட்டும் அனுப்பச் சொல்லு."

அவன் சிரித்தான். எனக்குப் பாட்டைப் பற்றிக் கவலை இல்லை. 'உங்கள் நாடு' என்ற சொல்லில்தான் நான் நின்றுவிட்டேன். எனக்கு இந்த நாட்டுக் கடவுச்சீட்டுக் கொடுக்கலாமோ கூடாதோ என்று இங்குள்ள அலுவலகத்தார் வருடக்கணக்கில் யோசித்தார்கள். இந்தச் சின்னச் சதுரம் ஒரு தட்டில் முடிவெடுத்துவிட்டது. கெட்டிக்காரச் சதுரம்.

இந்தப் பட்டினத்தின் பெயர் பேர்கன். இதுவும் துறைமுகம்தான், மலையும் கடலும் ஒன்றையொன்று கட்டிப் பிடித்த இடம். திருகோணமலையைக் கழுவிக் கழுவி நிறம் போகப்பண்ணினால் இப்படி வரும். குகனும் மருமகளும் வேலைக்குப் போனபிறகு, நான் அலுமாரியில் அடுக்கியிருக்கும் பழைய கலியாணச் சீடிகளில் ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்ப்பேன். ஒருநாள் மேல்வீட்டு பெரித் வந்தாள். என் வயசுக்காரி, தனியே இருக்கிறவள், கோப்பி கொண்டுவந்து தருவாள். ரீவியில் ஒரு மண்டபம் நிறையச் சனம் இருந்து சோறு தின்றது. இவர்கள் யார் என்று கேட்டாள். "வெட் இக்கெ" என்றேன். 'தெரியாது' என்பதற்கு இங்குள்ள சொல் அது, நான் முதலில் பழகிய சொல்லும் அதுதான். தெரியாதவர்கள் சாப்பிடுவதை ஏன் பார்க்கிறாய் என்று திருப்பிக் கேட்டாள். அதற்குப் பதில் என்னிடம் நிறைய இருந்தது, நோர்வே மொழிதான் இல்லை. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சில நாளில் கொம்யூனவிலிருந்து ஒரு பிள்ளை வந்தது. கொம்யூன என்றால் எங்கள் நகரசபை மாதிரி. நான் தனிமையில் வாடுகிறேன் என்றும், பசியோடு பிறர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றும் யாரோ அக்கறையாக அறிவித்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளை எங்கள் குசினியை ஒருதரம் எட்டிப் பார்த்தது. அடுப்பில் இருந்த கறிச்சட்டிகளைக் கண்டதும் அதற்குக் குழம்பிவிட்டது. சாப்பிட வைத்து அனுப்பினேன்.

பெரித்துக்குச் சொல்ல முடியாத பதிலை இங்கே எழுதுகிறேன். ஊரில் இருக்கிற நீங்களும், என்னைப் போல வந்து சேர்ந்தவர்களும் வாசிப்பீர்கள்.

எங்கள் இடம் வெருகல் பக்கம். என் மனிசன் வெள்ளெனவே போய்ச் சேர்ந்துவிட்டார். இருந்த ஒரே பிள்ளை குகன். சண்டைக் காலத்தில் பெடியனை வீட்டில் வைத்திருப்பது நெருப்பை மடியில் வைத்திருப்பது மாதிரி. வளவை விற்று ஏஜென்சிக்காரனோடு அனுப்பினேன். வழியில் ரஷ்யாவில் நிற்கிறேன் என்று ஒருதரம் கதைத்தான். எங்கள் பக்கத்தில் தொலைபேசி இருந்தது ஒரு கடையில். அடுத்த சண்டையில் அந்தக் கடையும் இல்லை, கடைக்காரனும் இல்லை, ஊரும் இல்லை. சனம் எழும்பி நாலு பக்கமும் ஓடியது. நான் திருகோணமலை டவுனில் துறைமுகத்தடியில் இருந்த தங்கச்சி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அவன் போன பிறகுதான் தங்கச்சி அங்கே குடிவந்தவள், அவனுக்கு என் இடம் தெரியாது. எனக்கு அவன் எந்த நாட்டில் என்றே தெரியாது. உயிரோடு இருக்கிறானா என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பின்னால் இன்னொரு கேள்வி இருந்தது, அதை நான் வெளியே எடுக்கவில்லை.

நான் யாரிடமும் கேட்கவில்லை. வெளிநாட்டில் பிள்ளை உள்ள சனம் அந்தத் தெருவில் நிறைய இருந்தது. என் மகனைக் கண்டீர்களா என்று ஒரு வாய் கேட்டிருந்தால் பத்து நாட்டிலும் விசாரித்திருப்பார்கள். ஆனால் அப்படிக் கேட்டால், மகனைத் தொலைத்தவள் என்று பெயர் வரும். அதைவிட மோசம், மகன் தேடாத தாய் என்று வரும். ஆகவே "மகன் கிழமைக்கு ஒருக்கால் எடுக்கிறவன், சுகமாய் இருக்கிறான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதைப் பொய் என்று நான் இன்றைக்கும் எண்ணவில்லை. கொஞ்சம் முந்திச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

இடியப்பம் அவித்துத் துறைமுகத்தடிக் கடைகளுக்குக் கொடுத்து வந்தேன். அதில் ஒரு கடை மன்சூருடையது. காலையில் கிண்ணியாவிலிருந்து பாதையில் வருவான். பாதை என்று நாங்கள் சொல்வது கடல்வாயைக் கடக்கிற மிதவையை, அப்போது பாலம் இல்லை. கடையைத் திறந்ததும் என் இடியப்பத்தைச் சாப்பிட்டுவிட்டு, அதற்குப் பதிலாக எனக்குப் பார்க்கச் சீடி தருவான்.

"என்னக்கா, இண்டைக்கும் கலியாணமா? புதுப் படம் ஒண்டு வந்திருக்கு, கொண்டு போங்க. நாலு சண்டை, ஆறு பாட்டு."

"அதிலை ஆர் எனக்குத் தெரிஞ்சவை?"

"படத்துல தெரிஞ்ச ஆக்கள் எப்படிக்கா இருப்பாங்க?"

"அதுதான் எனக்கு வேண்டாம்."

பகிடியாகச் சொன்னதுதான். ஆனால் மன்சூரின் கடை முழுக்க அந்தப் பகிடியில்தான் ஓடியது. படத்தின் வழியைக் கேளுங்கள். சென்னை கடலுக்கு அந்தப் பக்கம்தான். அங்கே எடுத்த படம் நேரே எங்களிடம் வராது. பாரிஸுக்குப் போகும். அங்கே ஒரு தமிழன் அதைக் கொப்பி எடுப்பான். யாருடையதோ உடுப்புப் பெட்டிக்குள் கொழும்புக்கு வரும். பிறகு பஸ் ஏறி, செக்பொயின்ற் எல்லாம் இறங்கி ஏறி, மன்சூரின் தட்டுக்கு வரும்போது கதாநாயகனுக்கு மூக்கும் வாயும் கலங்கியிருக்கும். அவ்வளவு பாடுபட்டு வந்த படத்தை ஒருவரும் எடுக்கமாட்டார்கள். பக்கத்தில் ஒஸ்லோவிலோ சூரிச்சிலோ நடந்த யாரோ ஒரு பிள்ளையின் கலியாணம் இருக்கும். கதை இல்லை, சண்டை இல்லை, மூன்று மணித்தியாலம். அது தட்டில் நிற்காது. கிண்ணியாச் சனம் கட்டாரிலிருந்து வந்ததை எடுத்தது, எங்கள் சனம் ஐரோப்பாவிலிருந்து வந்ததை எடுத்தது. எந்த வீட்டுப் பிள்ளை எங்கே போய்க் கோப்பை கழுவுகிறதோ அந்த நாட்டுப் படம் அந்த வீட்டுக்கு வரும். எல்லாருக்கும் என்று எடுத்த படத்துக்கு ஆள் இல்லை. ஒரு வீட்டுக்கு என்று எடுத்த படத்துக்கு ஊரே வரிசையில் நின்றது.

அந்தச் சாமானுக்கு மன்சூர் விலை கொடுத்ததும் இல்லை. சீடி வந்த வீட்டுக்காரரே கொண்டுவந்து தருவார்கள். "தம்பி, எங்கடை கலியாணத்தையும் உங்கடை தட்டிலை வையுங்கோ." பிறகு நடுவில் வந்து ஆர் ஆர் எடுத்தது என்று விசாரிப்பார்கள். மற்ற வீட்டுக் கலியாணம் கூட ஓடியிருந்தால் முகம் சுருங்கிவிடும். "அக்கா, நான் யாவாரி இல்ல, ரெண்டு சம்பந்தி வீட்டுக்கும் நடுவுல நிக்கிற பஞ்சாயத்து" என்பான் மன்சூர்.

கலியாணச் சீடியில் ஒரு பகுதி உண்டு, உங்களுக்கே தெரியும். தாலி கட்டி முடிந்ததும் கமரா பந்திக்குப் போகும். மேசை மேசையாக, முகம் முகமாக, சாப்பிடுகிற எல்லாரையும் எடுத்து முடிக்கும். யார் வந்தது, யார் வரவில்லை என்று கலியாண வீட்டுக்காரர் பிறகு ஆறுதலாக இருந்து பார்க்கவேண்டாமா? சாப்பிடுகிறவர்களுக்கு அது வெட்கம். கமரா வந்தால் தலையை இலைக்குள் குத்துவார்கள், கையால் வாயை மூடுவார்கள், திடீரென்று தண்ணீர் குடிப்பார்கள். எனக்கு வேண்டியது அந்தப் பகுதிதான். வெளிநாட்டுக்குப் போன தமிழன் எங்கே ஒளித்தாலும் ஒருநாள் ஒரு கலியாணச் சோற்றுக்கு வந்துதானே ஆகவேண்டும் என்று நான் கணக்குப் போட்டேன். கரண்ட் இருக்கிற பகல் நேரத்தில் தங்கச்சி வீட்டு ரீவிக்கு முன்னால் இருந்து, குனிந்த தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தங்கச்சிக்குக்கூட நான் சொல்லவில்லை. அவளுடைய மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறேன் என்றுதான் சொன்னேன்.

"அக்கா, தாலி கட்டுறதை ஓட விட்டிட்டுச் சாப்பாட்டை நிப்பாட்டிப் பாக்கிற ஆள் உலகத்திலை நீங்கள் ஒராள்தான்" என்றாள் தங்கச்சி.

"தாலி எல்லாக் கலியாணத்திலையும் ஒண்டுதான். சாப்பாட்டிலைதான் ஆளைத் தெரியும்."

வாய்க்கு வந்ததைச் சொல்லப்போய் அது தெருவெல்லாம் பரவிவிட்டது. நான் மாப்பிள்ளை அறிகிற ஆள் என்று பெயர் எடுத்துவிட்டேன். பக்கத்து வளவுப் பெண் ஒருத்தி மகளையும் இழுத்துக்கொண்டு வந்தாள்.

"மாமி, ஒஸ்லோவிலை ஒரு சம்பந்தம் வந்திருக்கு. இந்தப் படத்திலை நிக்கிற பெடியன்தான். நீங்கள் கண்டிருப்பியள்."

படத்தை வாங்கிப் பார்த்தேன். கண்டிருந்தேன்தான். "கறுத்தக் கோட்டுக்காரன். கண்ட கலியாணம் எல்லாத்திலையும் முதல் பந்தி. ஒருக்கால்கூட எழும்பி ஒரு கறி பரிமாறேல்லை."

"அப்ப என்ன மாமி சொல்லுறியள்?"

"பசிக்கிற ஆள். பிள்ளை நல்லாச் சமைக்குமெண்டால் குடுங்கோ."

பிள்ளை தாயைத் திரும்பிப் பார்த்து, "எனக்கு வேண்டாம், நான் முட்டைகூடப் பொரிக்கமாட்டன்" என்றது. அந்தச் சம்பந்தம் அப்படியே நின்றது. பெடியன் நல்லவனாகவும் இருந்திருக்கலாம். அந்த ஐரோப்பாவில் யார் யாருக்கு மச்சான், எந்த மண்டபத்தில் யார் சமையல், யார் யாரோடு கோபம் என்றெல்லாம் துறைமுகத்தடியில் இருந்துகொண்டு சொன்னேன். ஒரு நாட்டின் குளிரை அறியாமல் அந்த நாட்டின் பந்தியை முழுக்க அறிந்தவள் நான். என் பிள்ளையின் தலையை மட்டும் காணவில்லை.

ஒருநாள் செக்பொயின்றில் சிப்பாய் என் பையைக் கிளறிச் சீடியை எடுத்தான். அந்தக் காலத்தில் சீடி என்றால் சந்தேகம். "வெடிங், வெடிங்" என்றேன். நம்பாமல் உள்ளே கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தார்கள். வெளியே வெயிலில் நின்றேன், நல்ல நேரம் எடுத்தது. திரும்ப வந்தபோது அவனுக்கு என்னோடு கொஞ்சம் சிநேகம் வந்திருந்தது. இருந்த தமிழைக் கூட்டி, "அம்மே, இந்த ஆக்கள் ஏன் எல்லாரும் சாப்பிட்டுச் சாப்பிட்டு அழுற மாதிரி முகம்?" என்று கேட்டான். கமரா வந்த வெட்கம் என்று எனக்குச் சிங்களத்தில் சொல்லத் தெரியவில்லை. "உறைப்பு" என்றேன். தலையாட்டி விட்டான்.

பிறகு ஒரு பேர்கன் கலியாணம் வந்தது. வழக்கம்போலத் தாலியை ஓட விட்டேன். பந்தி வந்தது. ஒவ்வொரு மேசையாகப் பார்த்தேன், இல்லை. கடைசி மேசையில் ஒரு கிழவர் கமராவைக் கண்டு சோற்றுக் கையை அப்படியே அந்தரத்தில் வைத்துக்கொண்டு விறைத்துப்போனார். அப்போது கமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"சாப்பிடுங்கோ ஐயா. நான் இல்லாத மாதிரிச் சாப்பிடுங்கோ."

நான் ரீவியை நிப்பாட்டவில்லை. அது ஓடி முடிந்து நீலமாக நின்றது. இத்தனை காலம் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். படம் எடுக்கிறவன் படத்தில் வரமாட்டான் என்பது எனக்கு யோசனையில் வரவே இல்லை. அவன் ஒளித்திருந்த இடத்தைவிட நல்ல இடம் உலகத்தில் இல்லை. நான் பார்த்த தலைகளில் பாதி, அவன் எனக்குக் காட்டிய தலைகளாகவும் இருந்திருக்கும்.

உயிரோடு இருக்கிறான். முதல் கேள்வி முடிந்தது. அது முடிந்த கையோடு இரண்டாவது கேள்வி தானாகவே வெளியே வந்து என் முன்னால் குந்தியது. அவன் என்னைத் தேடுகிறானா? சீடியின் மட்டையில் அதை எடுத்த கலையகத்தின் ஈமெயில் விலாசம் அச்சடித்திருந்தது. மன்சூரின் கடை மூலையில் அப்போது கம்பியூட்டர் வந்துவிட்டது. 'நான் உன் தாய், இங்கே இருக்கிறேன்' என்று ஒரு வரி எழுதுவித்தால் போதும். அப்படி எழுதினால் அவன் பதில் எழுதுவான். எழுதாமல் விடுகிற பிள்ளை இல்லை. ஆனால் கூப்பிட்டதற்குத்தான் வந்தானா, தேடித்தான் வந்தானா என்பது எனக்குச் சாகும்வரை தெரியாமல் போய்விடும். அதை என்னால் பொறுக்க ஏலாது.

"மன்சூர், இந்தச் சீடி எடுத்த கடைக்கு ஒரு முறைப்பாடு எழுதவேணும்."

"காசு குடுக்காம எடுத்த சீடிக்கு முறைப்பாடா? அல்லாஹ்! என்னண்டு எழுத?"

"மணமக்கள் வடிவு. ஆனால் பந்தியிலை இருக்கிற சனத்தின்ரை முகம் ஒண்டும் தெரியேல்லை. இனிமேல் ஆறுதலாய் எடுக்கச் சொல்லு. திருகோணமலையிலை பாக்கிற சனம் எண்டு போடு."

"பேரு?"

"உன்ரை கடைப் பேரைப் போடு."

மன்சூர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். ஆனால் எழுதினான். பதில் வந்தது, பெரிய மரியாதையான வியாபாரப் பதில். எங்கள் படங்கள் திருகோணமலையில் ஓடுவது இப்போதுதான் தெரியும், மிகச் சந்தோசம், குறையைத் திருத்துகிறோம், புதிய கலியாணங்களின் கொப்பி அனுப்புகிறோம். மன்சூர் துள்ளினான். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றோடு நேரடி யாவாரம் என்று கடைக்கு வருகிற எல்லோருக்கும் சொன்னான். சீடிகள் வந்தன. எல்லாவற்றிலும் பந்தி நீளமாக, முகங்கள் பளிச்சென்று இருந்தன. பேர்கன் சனம் கமராக்காரனுக்கு என்ன வந்ததென்று தெரியாமல் நிமிர்ந்து நிமிர்ந்து சாப்பிட்டது. என் பிள்ளை இவ்வளவு சொல்வழி கேட்டு நடந்ததை வீட்டில் நான் கண்டதில்லை.

பிறகு அங்கிருந்து ஒரு கேள்வி வந்தது. மன்சூர் வாசித்தான். "நோர்வேயில் உள்ள ஒரு வாடிக்கையாளருக்காக, வெருகல் முருகன் கோயில் திருவிழாவைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா? சாமி வீதிவலம் சுருக்கமாக இருக்கலாம். ஆற்றங்கரையில் மருதமரத்துக்குக் கீழே சனம் பொங்குகிற இடத்தை மட்டும் ஆறுதலாக எடுக்கவும். பெண்களின் முகம் தெளிவாக இருக்கவேண்டும்."

"இதென்ன வாடிக்கையாளர் அக்கா! சாமி வேணாமாம், பொம்புளையள்ட முகம் வேணுமாம். கலியாணத்துக்குக் குமர்ப் புள்ள தேடுறான் போல."

அந்த மருதமரத்தின் கீழ், வேர் இரண்டாகப் பிரிகிற இடத்தில்தான் வருடா வருடம் எங்கள் பானை ஏறும். குகனைத் தோளில் வைத்துக்கொண்டு அவனுடைய தகப்பன் விறகு பொறுக்கிய இடம். அவனும் இவ்வளவு நாளும் சனத்துக்குள்ளே ஒரு முகத்தைத் தேடிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். அவனும் யாரிடமும் கேட்கவில்லை. வாடிக்கையாளருக்கு என்று பொய் வேறு. என் வயிற்றில் பிறந்ததுக்கு அத்தாட்சி வேறு தேவையில்லை.

வெருகல் பக்கம் றோட்டுப் பூட்டு. படம் எடுக்கப் போக ஏலாது. டவுன் அம்மன் கோயில் தேர் வருகிறது, அதை எடுத்து அனுப்புவோம் என்று மன்சூருக்குச் சொன்னேன். கட்டாரிலிருந்து தமையன் கொண்டுவந்த கமராவோடு தேர் அன்று அவன் வீதி ஓரத்தில் ஒரு வாங்கில் ஏறி நின்றான். "மன்சூர் காக்கா, தேருக்கும் யாவாரமா?" என்று பெடியன்கள் பகிடி பண்ணினார்கள். தேர் அசைந்து வந்தது. நான் இருந்ததில் நல்ல சீலையை உடுத்திக்கொண்டு போய், கமராவுக்கு நேர் முன்னால் நின்று, அம்மனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கமராவைப் பார்த்தேன். வாழ்க்கையில் ஒருநாளும் சாமிக்கு முதுகு காட்டியதில்லை.

"அக்கா, விலகுங்க! தேரை மறைக்கிறீங்க!"

"மறைக்கத்தான் வந்தனான். நீ எடு."

மன்சூர் கமராவிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தான். பிறகு கண்ணைத் திரும்ப வைத்தான். கமராவை என் முகத்திலேயே பிடித்தான். சனம் ஏசியது. பின்னால் வடம் இழுக்கிற அரோகராச் சத்தம் வந்து என்னைக் கடந்து போனது. நான் கடைசிவரை அசையவில்லை.

சீடி போனது. ஒரு காலைப்பொழுது இடியப்பப் பெட்டியோடு கடைக்குப் போனேன். மன்சூர் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான். கண் சிவந்திருந்தது. குரலை மட்டும் கடைக்காரக் குரலாக வைத்துக்கொண்டு சொன்னான்: "அக்கா, நோர்வேயிலருந்து வாடிக்கையாளர். தேர்ச் சீடியில முறைப்பாடாம்."

வாங்கிக் காதில் வைத்தேன். கொஞ்ச நேரம் கடல் மாதிரி இரைச்சல்.

"அம்மா," என்றான். "தேர் ஒண்டும் தெரியேல்லை."

"நீ தேரோ கேட்டனீ?"

"இல்லை."

நாங்கள் இரண்டு பேரும் அழுதோம் என்று எழுதினால் உங்களுக்குத் திருப்தியாக இருக்கும். நான் இடியப்பப் பெட்டியை இன்னும் தலையில் வைத்துக்கொண்டுதான் நின்றேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. மன்சூர் வந்து இறக்கினான்.

குகனுக்கு அங்கே வதிவிட அனுமதி இல்லாமல் இழுபட்ட காலமாம். கையில் ஒன்றும் இல்லாமல் எப்படித் தாயைத் தேடுவது என்று வெட்கப்பட்டு, பிறகு தேடத் தொடங்கியபோது ஊரே இல்லையாம். அவனுக்கு விசா சரிவந்து, எனக்குச் சரிவந்து, நான் இங்கே வந்து சேர்வதற்குள் சண்டையும் முடிந்துவிட்டது, கிண்ணியாவுக்குப் பாலமும் வந்துவிட்டது. மன்சூருக்கும் குகனுக்கும் நடந்த யாவாரம் மட்டும் நிற்கவில்லை. இங்கிருந்து கலியாணம் போகும், அங்கிருந்து திருவிழா வரும். இப்போது சீடியும் இல்லை, எல்லாம் காற்றில். ஒரு பாட்டுக்காரன் நடுவில் மறித்தால்தான் நிற்கும்.

இதையெல்லாம் பெரித்துக்கு எந்த மொழியில் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, போன கோடையில் அவளே என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். ரீவியில் ஒரு கப்பல் போய்க்கொண்டிருந்தது. வேறொன்றும் இல்லை, கப்பல் போகிறது. நோர்வேக் கரையோரமாக நாட்கணக்கில் போகுமாம், அதை அப்படியே காட்டுவார்களாம், இந்த நாட்டுச் சனம் இருந்து பார்க்குமாம். ஒவ்வொரு சின்னத் துறையிலும் சனம் வந்து நின்று கப்பலுக்குக் கை காட்டியது. பெரித் மூக்கு ரீவியில் முட்டும்படி இருந்தாள். இவர்கள் யார் என்று கேட்டேன். "வெட் இக்கெ" என்றாள். கொஞ்சம் பொறுத்து, வடக்கில் ஒரு துறையில் தன் தங்கை வந்து நிற்பாள் என்றாள். மஞ்சள் மழைச்சட்டை போட்டிருப்பாளாம். இருவரும் சண்டையாம், கதைத்துக் கனகாலமாம். "அவள் வருகிறேன் என்று சொன்னாளா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். நான் கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இருந்தேன். கொம்யூனவுக்கு அறிவிக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தத் துறை வந்தது. மஞ்சள் சட்டை நிறைய வந்தது. எது என்று அவளுக்கும் பிடிபடவில்லை, எல்லாருக்கும் சேர்த்துக் கை காட்டினாள்.

இந்தச் சனிக்கிழமை இங்கே ஒரு கலியாணம். பெரித்தையும் கூட்டிக்கொண்டு போனேன். குகன்தான் படம். அது அந்தந்த நேரமே திருகோணமலையிலும் ஓடுகிறதாம், நாங்கள் பின்னேரச் சோறு தின்னும்போது அங்கே இரவுச் சாப்பாடாம். பந்தி வந்தது. கமரா மேசை மேசையாக எங்களிடம் வந்தது. சுற்றியிருந்த தலையெல்லாம் வழக்கம்போலக் கீழே போனது. பெரித் மட்டும் நிமிர்ந்து, கப்பலுக்குக் காட்டுவது போலக் கை காட்டினாள். நான் சோற்றைப் பிசைந்த கையை அப்படியே வைத்துவிட்டு, முகத்தை நேராகத் தூக்கி, கமராவின் கறுத்தக் கண்ணைப் பார்த்தேன். அந்தக் கண்ணுக்கு உள்ளே துறைமுகத்தடியில் ஒரு ரீவியும், அதற்கு முன்னால் தாலியை ஓட விட்டுவிட்டு வந்து குந்தியிருக்கிற யாராவது ஒருத்தியும் இருப்பார்கள். அவளுக்கு நான் யாரோ. ஆனால் என் தோளுக்குப் பின்னால் இருக்கிறவன் அவளுடைய பிள்ளையாக இருந்தால்? நான் கொஞ்சம் சரிந்து இடம் விட்டேன்.

"அம்மா, கமராவைப் பாக்காதேங்கோ," என்றது கமராவுக்குப் பின்னால் இருந்த குரல். "நான் இல்லாத மாதிரிச் சாப்பிடுங்கோ."

"அப்பிடிச் சாப்பிட்டது போதும்," என்றேன்.

கமரா அசையவில்லை. சோறு இந்தப் பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்தது. நான் அந்தப் பக்கத்தில், துறைமுகத்தடி ரீவிக்கு முன்னால் இருந்து, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.